வேவ்டேபிள் குமிழ்களைப் பற்றிச் சில சொற்கள்

கணினியில் இசையமைக்கும் நம் சிங்கப்பூர்த் தமிழ் இளையர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருள் இசைக்கருவியில் ஒலியை உருவாக்கும் பகுதியான வேவ்டேபிள் ஆசிலேட்டர், வரிசையாக அடுக்கப்பட்ட பல ஒற்றைச் சுழற்சி அலைகளுக்கிடையே நகர்ந்து ஒலியின் நிறத்தை மாற்றுகிறது. ஜெர்மானியரான வொல்ஃப்காங் பாம் தம் பிபிஜி நிறுவனத்தின் சிந்தசைசர் கருவிகளில் வளர்த்தெடுத்த இம்முறையை, 2020இல் வெளிவந்த வைட்டல் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே நன்கு பயிலலாம்.

எந்த அலை ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொசிஷன் என்ற திருகு குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிடாமல், மெதுவான எல்எஃப்ஓ (குமிழைத் தானாக முன்னும் பின்னும் நகர்த்தும் தாழ் அதிர்வெண் அலை) ஒன்றுடன் இணைத்தால்தான் ஒலிக்கு உயிர் வருகிறது. சிறிய நகர்வே போதும் என்பது என் கருத்து.

நாதஸ்வரப் பதிவிலிருந்து சொந்த வேவ்டேபிள் அமைக்க விரும்புவோர், கமகமின்றி ஒரே சுருதியில் நீளமாக வாசித்த பகுதியையே எடுக்க வேண்டும். சுருதி அசைந்தால் ஒவ்வொரு சுழற்சியின் நீளமும் மாறிவிடுவதால், சம நீளத்தில் வெட்டப்படும் அலைகளின் விளிம்புகள் பொருந்தாமல் கரகரப்பு நுழைந்துவிடும். கமகத்தைப் பிறகு, கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீலால் தரலாம், அதுவே அழகாகவும் இருக்கும்.

வீவக வீடுகளில் இரவில் ஹெட்ஃபோனோடுதான் வேலை செய்கிறோம். அதில் யூனிசனும் (ஒரே ஸ்வரத்தைப் பல குரல்களாக அடுக்குதல்) டீடியூனும் (அக்குரல்களின் சுருதியைச் சற்றே விலக்குதல்) மிக அகலமாகக் கேட்டாலும், சமூக மன்ற ஒலிபெருக்கியில் இடமும் வலமும் ஒன்றாகி மோனோவாகக் கலக்கும்போது அவ்வொலி மெலிந்துபோகலாம். மோனோவிலும் அவசியம் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு யூனிசன் குரல்களின் எண்ணிக்கையை ஒன்று என வைத்து, தொடக்க ஃபேஸின் (அலை தன் சுழற்சியில் தொடங்கும் இடம்) ரேண்டம் அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அழுத்தத்துடன் தொடங்கும்.