மூன்று நாள் சட்டம்

பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்துவரும் எனக்குக் கல்யாணத்தைவிடக் கல்யாணம் முறிந்த கதைகளே அதிகப் பரிச்சயம். சென்ற ஆண்டு வந்த வழக்கு வேறு விதம். ஆக்லாந்தில் செவிலியராக இருக்கும் நம்மூர்ப் பெண், அங்கேயே குடியேறிய சமோவாக்காரர் ஒருவரை மணக்க இருந்தாள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, அது 30 நாள் பலகையில் தொங்கி, எவரும் ஆட்சேபிக்காதிருந்தால்தான் பதிவு நடக்கும். மாப்பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தை எழுத்தர் மாற்றி எழுதிவிட்டதால் அறிவிப்பை மறுபடியும் ஒட்ட வேண்டியதாயிற்று. முதலில் தொங்கிய நாள்கள் கணக்கில் சேரவில்லை. அவள் விடுப்பு அதிலேயே தீர்ந்துபோனது.

அவளுடைய ஆச்சி ஒருநாள் என் அலுவலகத்திற்கு வந்தார். மாப்பிள்ளையின் சொந்த நாடான சமோவாவைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஏய்யா, அந்தத் தீவுல ராசா இருக்கானா?" என்பதுதான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் தர்பார் நடத்திய சிங்கம்பட்டி ஜமீன்தாரை நேரில் கண்டவர் அவர். ராஜா என்ற சொல் அவருக்கு வெறும் கதை அல்ல. பதில் தேடி நான் சமோவாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, அதே பசிபிக் கடலில் இருக்கும் தஹிட்டித் தீவில் போய் இறங்கிவிட்டேன்.

அங்கே நான் கண்டெடுத்தவர் அலெக்சாண்டர் சால்மன். லண்டன் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, 1840-களின் தொடக்கத்தில் தஹிட்டிக்கு வந்து சேர்ந்த வணிகர். தெவா குலத்தின் தலைமைக் குடும்பத்துப் பெண்ணும், தஹிட்டியை ஆண்ட ராணி நான்காம் பொமாரேவுக்கு உடன்பிறவாச் சகோதரியுமான அரியித்தைமாயை அவர் மணக்க விரும்பினார். ஆனால் அயல்நாட்டாரும் தஹிட்டியரும் மணந்துகொள்வதை அந்நாட்டுச் சட்டம் தடுத்திருந்தது. ராணி அந்தச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. 3 நாள் நிறுத்தி வைத்தார். 1842-இல் அந்த 3 நாளுக்குள் கல்யாணம் நடந்து முடிய, சட்டம் மீண்டும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரத்து செய்தால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். ஒரு தம்பதிக்கு மட்டும் விலக்கு அளித்தால் பாரபட்சம் என்ற பேச்சு எழும். நிறுத்தி வைத்தாலோ, ஏட்டளவில் அந்த 3 நாளும் எல்லோருக்கும் பொதுவானவை, உண்மையில் பயன்பட்டது ஒருவருக்குத்தான். நான்காம் நாள் எவரேனும் இந்தத் திருமணம் செல்லாது என்று வழக்குப் போட்டிருந்தால், சால்மன் தரப்பில் வாதாட நான் காசு வாங்காமலே போயிருப்பேன்.

அதே 1842-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி துப்பெத்தி துவார் தஹிட்டியைப் பிரான்சின் பாதுகாப்பு நாடாக்கினார். பிரெஞ்சுக்காரருக்கும் தஹிட்டியருக்கும் இடையே 1844 முதல் 1846 வரை நீண்ட போர் முடிய, இரு தரப்புக்கும் இடையே சமாதானம் பேசியவர்களில் அரியித்தைமாய் முக்கியமானவர். சால்மனின் வணிகம் எப்படி வளர்ந்தது என்பதில் எனக்கு அத்தனை அக்கறை இல்லை. பிள்ளைகளின் நிலைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தந்தை வந்தேறி என்றாலும், தஹிட்டியில் தாய்வழியாகவும் பதவியும் நிலமும் இறங்கும் என்பதால், அவருடைய மகன் தாத்தி பாப்பரா வட்டாரத்தின் தலைவரானார். பக்கத்து நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிச் சொத்து வழக்குகளின் பழைய தீர்ப்புகளைப் புரட்டிய என் போன்றவர்களுக்கு, பெண் வழியாக உரிமை வருவதில் வியப்பு ஏதும் இல்லை.

மகள் மராவு 1875-இல், 14 வயதில், பின்னாளில் ஐந்தாம் பொமாரே ஆன இளவரசருக்கு மணமுடிக்கப்பட்டார். அந்த இணைப்பு ஒத்துவரவில்லை, 1888-இல் மணமுறிவு. இடையில் 1880 ஜூன் 29 அன்று ஐந்தாம் பொமாரே தன் நாட்டையே பிரான்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1891-இல் இறந்த அவருடைய கல்லறை உச்சியில் இருக்கும் கற்கலசத்தை, அவர் விரும்பிக் குடித்த மதுவின் புட்டி என்று இன்றும் ஊரார் சொல்வதுண்டு. ஊர் வாய் அங்கேயும் ஊர் வாய்தான்.

எங்கள் தொழில்காரர் ஒருவரும் இந்தக் குலத்தில் சேர்ந்திருக்கிறார். 1875-இல் ஸ்காட்லாந்தில் வழக்கறிஞராகத் தேர்ச்சி பெற்று, தொழிலை ஏறெடுத்தும் பாராமல் எழுத்தாளரான ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1888-இல் தஹிட்டியின் தவுத்திரா என்ற ஊரில் தெவா குலத் தலைவர் ஒருவரோடு பெயரை மாற்றிக்கொண்டு 'தெரியித்தெரா' ஆனார். கல்யாணமே இல்லாமல் உறவாகிவிட்டார். அறிவிப்புப் பலகையும் இல்லை.

இதையெல்லாம் ஆச்சியிடம் சுருக்கிச் சொன்னேன். ராஜா உண்டா என்ற கேள்வியை அவர் அதற்குள் மறந்திருந்தார்.

"மூணு நாள்னா சரிதான்யா, நம்ம வீட்டுக் கல்யாணமும் மூணு நாளுதான். மறுவீட்டுச் சொதிக்கு அந்தத் தீவுல எங்க போவாக?"

"அங்கே தென்னைதான் ஆச்சி எங்கும். சொதிக்கு வேண்டிய தேங்காய்ப் பாலுக்குப் பஞ்சமில்லை."

"அப்போ போகட்டும்" என்று எழுந்துகொண்டார்.