சோடியாக் மறையெழுத்தைக் கையால் அவிழ்க்கிறேன்: இதுவரை வந்த தூரம்

புதிர் அனுப்பும் கொலையாளியை, குற்றத்தைப் பார்த்தே ஆளின் குணத்தை ஊகிக்கும் புரொஃபைலர்கள் துரத்தும் எபிசோடு எந்தத் தொடரில் வந்தாலும் விடாமல் பார்த்துவிடுவேன். அவற்றில் ஒரு காட்சி தவறாமல் வரும். அலுவலகத்துக்கு ஓர் உறை வந்து சேரும், உள்ளே வரிசை வரிசையாகக் குறிகள் இருக்கும். மூத்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'இவன் எப்படிப்பட்டவன்' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். குழுவின் இளம் மேதை மட்டும் தனியாக வெள்ளைப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பான். பின்னணி இசை ஏறும், விடை வந்துவிடும். அப்படி ஓர் எபிசோடை அண்மையில் பார்த்தபோது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஆளைப் படிப்பதும் குறிகளை உடைப்பதும் இரண்டு தனித்தனி வேலைகளா? கதையில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் எப்படி என்று தெரிய வேண்டுமானால், நிஜக் கொலையாளி அனுப்பிய ஒன்றை நானே உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எடுத்துக்கொண்டது, 1960களின் இறுதியில் வடக்குக் கலிஃபோர்னியாவில் கொலைகள் செய்து, 'சோடியாக்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்ட, யாரென்று உறுதியாகத் தெரியாத கொலையாளியின் முதல் மறையெழுத்து. 1969 ஜூலை 31 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தின் மூன்று செய்தித்தாள்களுக்கு மூன்று துண்டுகளாக அஞ்சலில் வந்தது. முதல் பக்கத்தில் அச்சிடாவிட்டால் இன்னும் கொல்வேன் என்ற மிரட்டல் கூடவே வந்தது. தன் அடையாளம் இதற்குள் இருக்கிறது என்ற ஆசைகாட்டலும் இருந்தது. மொத்தம் 408 குறிகள். ஒவ்வொரு துண்டும் வரிக்கு 17 குறி, 8 வரி. விடை வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது என்பதால் எங்கும் கிடைக்கும். அதைத் திறக்காமல், கணினி இல்லாமல், பென்சிலும் கட்டம் போட்ட நோட்டுமாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. சலினாஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் அவர் மனைவி பெட்டியும்தான் அதை உடைத்தவர்கள் என்பதும், எந்த ஊகத்தை வைத்துத் தொடங்கினார்கள் என்பதும் மட்டும் எனக்கு முன்பே தெரியும்.

முதல் வேலை படியெடுப்பது. இதற்கு நிறையப் பொறுமை வேண்டும். வெறும் முக்கோணம் வேறு, கறுப்பு நிரப்பிய முக்கோணம் வேறு. நேரான ஆங்கில எழுத்து ஒரு குறி, அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் இன்னொரு குறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பெயர் இருந்தால்தான் கண் அதைத் தேடும்.

அடுத்து எண்ணிக்கை. ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்று வைக்கும் சாதாரண மாற்றெழுத்துப் புதிரில் எந்தக் குறி அதிகம் வருகிறதோ அது ஆங்கிலத்தின் 'ஈ' என்று எடுத்துக்கொண்டு உள்ளே நுழையலாம். இங்கே அந்தக் கதவு அடைத்திருக்கிறது. 26 எழுத்துக்கு 54 குறிகள் வைத்திருக்கிறான். அதிகம் புழங்கும் எழுத்துக்கு அதிகக் குறிகள், 'ஈ'க்கு மட்டும் ஏழு. மாற்றி மாற்றி அவற்றைப் போடுவதால் எண்ணிக்கை எல்லாம் சமதளமாகிவிடுகிறது. பலகையை உற்றுப் பார்த்தே விடை காண்பது இந்த வகையில் நடக்காத காரியம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இங்கேதான் பெட்டி ஹார்டனின் ஊகம். இப்படிக் கடிதம் எழுதுகிறவன் தன்னைப் பற்றித்தான் பேசுவான், ஆகவே ஆங்கிலத்தில் 'நான்' என்று பொருள்படும் 'ஐ' என்ற ஒற்றை எழுத்தில்தான் தொடங்குவான், 'கொல்' என்ற சொல் உள்ளே நிச்சயம் இருக்கும் என்று அவர் சொன்னார். கணக்கு ஏதும் போடாமல், ஆளைப் பார்த்துச் சொன்னது இது. அதைக் கடன் வாங்கிக்கொண்டு முதல் குறியான முக்கோணத்தின் கீழே 'ஐ' என்று எழுதினேன்.

பிறகு, திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளைத் தேடினேன். முதல் வரியிலும் நான்காம் வரியிலும் ஒரு சாய்கோடு, இடையில் நான்கு குறிகள், முடிவில் 'ஓ', 'ஆர்' என்ற இரண்டு குறிகள் என ஒரே வடிவம் கிடைத்தது. இரண்டும் ஏழு ஏழு குறிகள். (இனி ஆங்கிலத்தின் இரண்டு 'பி'க்களையும் ஒற்றை வளைவு, இரட்டை வளைவு என்று பிரித்துச் சொல்கிறேன்.) முதல் வரியில் சாய்கோட்டுக்குப் பிறகு 'யு', இரட்டை வளைவு 'பி', ஒரு சதுரம், திருப்பிப் போட்ட 'கே'. நான்காம் வரியில் சாய்கோட்டுக்குப் பிறகு முக்கோணம், கறுப்புச் சதுரம், இரட்டை வளைவு 'பி', ஒற்றை வளைவு 'பி'. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன்.

இரண்டும் ஒரே சொல் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை வளைவு 'பி' ஓரிடத்தில் மூன்றாவதாகவும் இன்னோரிடத்தில் நான்காவதாகவும் வருகிறது. அப்படியானால் அந்தச் சொல்லின் மூன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒன்றே. முக்கோணம் 'ஐ' என்றால் இரண்டாம் எழுத்து 'ஐ'. ஏழெழுத்துச் சொல், இரண்டாவது 'ஐ', அடுத்து இரட்டித்த எழுத்து, எழுதியவன் ஒரு கொலையாளி. 'கில்லிங்' என்பதைத் தவிர வேறெதையும் என்னால் அங்கே வைக்க முடியவில்லை.

வைத்ததும் பக்கம் நகரத் தொடங்கியது. சாய்கோடு 'கே', இரண்டு சதுரங்களும் இரட்டை வளைவு 'பி'யும் 'எல்', ஒற்றை வளைவு 'பி' 'ஐ', 'ஓ' என்ற குறி 'என்', 'ஆர்' என்ற குறி 'ஜி'. இவற்றைக் கொண்டுபோய் முதல் வரியின் தொடக்கத்தில் போட்டால் 'ஐ', 'எல்', 'ஐ', 'கே', அடுத்து தெரியாத ஒரு குறி, பிறகு 'கில்லிங்'. தெரியாதது 'ஈ'யாக மட்டுமே இருக்க முடியும். 'எனக்குக் கொல்வது பிடிக்கும்.' ஊகமாகத் தொடங்கிய முக்கோணம் இந்த இடத்தில் உறுதிப்பட்டது. அந்த நிமிடத்தில் மகிழ்ச்சியும் குமட்டலும் சேர்ந்தே வந்தன. எபிசோடுகளில் விடை வந்ததும் எல்லாரும் ஓடத் தொடங்கிவிடுவார்கள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'ஐ'க்கு இப்போது நான்கு குறிகள் கையில் இருக்கின்றன: முக்கோணம், ஒற்றை வளைவு 'பி', 'யு', திருப்பிப் போட்ட 'கே'. இவை வரும் இடங்களையெல்லாம் வண்ணப் பென்சிலால் வட்டமிட்டால், முதல் ஐந்து வரியிலும் இதே வரிசையில் சுற்றிச் சுற்றி வருகின்றன. நான்கும் முடிந்ததும் மறுபடி முக்கோணம். ஆள் ஒரு பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறான்! எண்ணிக்கையைக் குலைப்பதற்காகச் செய்த ஏற்பாடே இப்படி அவனைக் காட்டிக்கொடுக்கிறது. முறை வைத்துச் சுற்றி வரும் குறிகளைக் கண்டால் அவை ஒரே எழுத்தின் வேடங்களாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். 'ஈ'யின் ஏழு குறிகளையும் இப்படித்தான் பிடித்தேன். முதல் நான்கு வரியில் ஏழும் ஒரு சுற்று முடிகின்றன. ஐந்தாம் வரியிலிருந்து அதே வரிசை மறுபடி தொடங்குகிறது.

ஒழுங்கின்மேல் வெறி கொண்டவன் என்று ஒரு புரொஃபைலர் கதையில் சொல்வாரே, அது நோட்டில் வண்ண வட்டங்களாகக் கண்முன் தெரிகிறது. ஆனால் அந்த ஒழுங்கு கடைசி வரை தாங்கவில்லை. மூன்றாம் துண்டில் முறை தளர்ந்து, கைக்கு வந்த குறியைப் போட்டிருக்கிறான். எழுத்துப்பிழைகளும் நிறைய. காடு என்ற சொல்லில் ஓர் 'ஆர்' கூடுதல், விலங்கு என்ற சொல்லில் 'ஐ'யின் இடத்தில் 'ஏ'. கையால் உடைக்கிறவருக்கு இந்தப் பிழைகள் பெரிய தடை. சரியான எழுத்தையே சந்தேகப்பட வைக்கும்.

செய்தி முழுவதும் வெளிவந்த பிறகு அதில் என்ன இருக்கிறது? மனிதனைக் கொல்வது காட்டு விலங்கைக் கொல்வதைவிட வேடிக்கை, கொன்றவர்கள் எல்லாம் மறுமையில் தனக்கு அடிமைகள், பெயரைச் சொன்னால் தன்னைத் தடுத்துவிடுவீர்கள், ஆகவே சொல்ல மாட்டேன். அவ்வளவுதான். அடையாளம் இருக்கிறது என்றது பொய். கடைசி 18 குறிகளில் பொருளே இல்லை. கட்டம் நிரம்ப வேண்டும் என்பதற்காகப் போட்ட நிரப்பலாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பதினெட்டுக்குள் ஒரு பெயரை வரவழைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் எந்தப் பெயரையும் வரவழைக்கலாம், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புதிர்க் கொலையாளிக் கதைகளோடு எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். கதையில் புதிரின் விடை அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும். நிஜத்தில் அவன் எதைக் கொடுக்க நினைத்தானோ அது மட்டும்தான் விடையில் இருக்கும். பிடிபடுவது அவன் கொடுக்க நினைக்காத ஒன்றால். விச்சிட்டா நகரத்தில் பத்துப் பேரைக் கொன்ற டெனிஸ் ரேடர் 2004இல் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குச் சொற்கட்டப் புதிர் அனுப்பினான். 2005 பிப்ரவரியில் அவனைப் பிடித்துக்கொடுத்தது ஒரு ஃபிளாப்பி வட்டு. அழித்த கோப்பு ஒன்றில் அவன் புழங்கிய தேவாலயத்தின் பெயரும் 'டெனிஸ்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இப்போது இரண்டாவது மறையெழுத்தில் இருக்கிறேன். 1969 நவம்பர் 8 அன்று அனுப்பியது, 340 குறிகள். இது 51 ஆண்டுகள் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் சாம் பிளேக், பெல்ஜியத்தின் யார்ல் வான் ஐக் மூவரும் சேர்ந்து உடைத்தார்கள். எஃப்பிஐயும் உறுதிசெய்தது. இதைக் கையால் உடைக்க எனக்குத் தெம்பு இல்லை, முயலவும் இல்லை. பிளேக், குறிகளை எந்த வரிசையில் படிப்பது என்பதற்குச் சுமார் 6,50,000 வாசிப்பு முறைகளை உண்டாக்கிக் கொடுத்து, வான் ஐக்கின் மென்பொருளில் ஓட்டித்தான் அவர்களுக்கே நூல் முனை கிடைத்தது. வெளியான திறவுகோலை வைத்துக்கொண்டு, எழுதியவனின் கை எப்படிப் போயிருக்கும் என்று கட்டத்தில் திரும்ப நடந்து பார்க்கிறேன்.

மேலே 9 வரி, நடுவில் 9 வரி, கீழே 2 வரி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேல் பகுதியில் இடது மூலையிலிருந்து தொடங்கி, ஒரு வரி கீழே, இரண்டு கட்டம் வலப்புறம் என்று சதுரங்கக் குதிரையைப்போலத் தாவ வேண்டும். ஓரம் வந்தால் மறுபுறத்திலிருந்து தொடரலாம். ஒன்பது தாவலுக்கு 18 கட்டம் நகர்கிறோம். வரிக்கோ 17 கட்டம்தான். ஆகவே மேல் வரிக்குத் திரும்பும்போது ஒரு கட்டம் தள்ளி, இரண்டாம் கட்டத்தில் வந்து நிற்கிறோம். அங்கிருந்து அடுத்த சுற்று. இப்படி 17 சுற்றில் 153 கட்டமும் ஒன்று விடாமல் தீர்ந்துவிடுகிறது. 9ம் 17ம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கையால் எண்ணிப் பார்த்தபோதுதான் அந்தப் பிரிவுக்குக் காரணம் விளங்கியது. நடுப்பகுதியிலும் இதே தாவல்தான், ஆனால் வழியில் ஒரு பிசகு நேர்ந்து எழுத்துகள் தள்ளிப் போயிருக்கின்றன. அங்கேதான் தற்போது மெதுவாக ஊர்கிறேன்.

இந்தச் செய்தியின் தொடக்கத்தில், தன்னைப் பிடிக்க முயல்வது உங்களுக்கு நல்ல வேடிக்கையாக இருக்கும் என நம்புகிறேன் என்கிறான். அடுத்ததாக, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசியது நான் இல்லை என்கிறான். 1969 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவின் காலை நிகழ்ச்சி ஒன்றுக்கு, நான்தான் சோடியாக் என்று ஒருவர் தொலைபேசியில் பேசியிருந்தார். இன்னொருவன் தன் இடத்தில் நின்றதை இவனால் பொறுக்க முடியவில்லை. பெட்டி ஹார்டன் முதல் கடிதத்துக்குச் சொன்ன அதே 'நான்' இங்கேயும் முன்னால் வந்து நிற்கிறது. விடையைச் சரிபார்க்கவும் அந்த வரி உதவியது. எழுதிய நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் சில வாரங்கள்தான் இடைவெளி.

1970இல் வந்த இரண்டு சிறு மறையெழுத்துகளை நான் தொடப்போவதில்லை. 'என் பெயர்' என்ற சொற்களைத் தொடர்ந்து வெறும் 13 குறிகள் ஒன்றில், 32 குறிகள் மற்றொன்றில். எளிய மாற்றெழுத்துக்கு ஒரே விடைதான் உண்டு என்று சொல்லவே ஏறத்தாழ 25 முதல் 30 எழுத்தாவது வேண்டும் என்பது அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வகுத்த கணக்கிலிருந்து வருவது. ஒரே எழுத்துக்குப் பல குறி என்றால் இன்னும் அதிகம் வேண்டும். 13 குறிக்குள் யார் பெயரையும் திணிக்கலாம். குற்றமற்ற ஒருவரின் பெயரை அப்படித் திணித்து ஊருக்குச் சொல்வதைப் பொழுதுபோக்காக என்னால் நினைக்க முடியாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: முதல் மறையெழுத்தின் முதல் துண்டை மட்டும் எடுங்கள், விடையைப் பார்க்காதீர்கள். மேலே நான் சொன்ன 'கில்லிங்' வரை உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அங்கிருந்து எட்டு வரியையும் முடிக்கலாம், 'டி' (T) எழுத்தின் நான்கு குறிகளைத் தேடுவது அடுத்த நல்ல படி. நான் நடுப்பகுதியின் பிசகைத் தாண்டியதும், சொற்களைப் பின்னோக்கித் திருப்பியிருக்கும் அந்தக் கடைசி இரண்டு வரிக்குப் போகிறேன்.