செக்லிஸ்டில் இல்லாத கேள்வி

"புரிஞ்சுதா ஆயா?"

"புரிஞ்சுது கண்ணு."

டிஸ்சார்ஜ் ஆகப்போகும் மீன்காரப் பாட்டிக்கு அந்த நர்சிங் மாணவி சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. 40 யூனிட் இன்சுலின் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசிதான், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் ஊசி கூடாது. கலங்கலான மருந்தை உள்ளங்கையில் உருட்டணும், குலுக்கக் கூடாது. காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுக்கணும். குரலிலும் கனிவுக்குக் குறைவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பிபி பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு மாணவி திரும்பி, "காலைல எத்தனை மணிக்கு ஆயா சாப்பிடுவீங்க?" என்றாள்.

"துறைமுகத்துல ஏலம் எடுத்து, கூடைய வித்து முடிக்கணுமே. பதினொண்ணு ஆவும். கெளம்பறப்ப ஒரு டீ, அவ்ளோதான்."

"அப்ப ஊசி?"

"காலைலன்னுதானே அந்தப் பாப்பா சொல்லிச்சு? கெளம்பறப்பவே போட்டுக்குவேன்."

விடியுமுன் ஊசி, பதினொரு மணிக்குச் சோறு. நடுவில் சர்க்கரை இறங்கி, கடலூர் முதுநகர் ரோட்டில் தலைச்சுமையோடு வேர்த்து விழுந்திருக்கலாம். கிளம்புமுன் நாலு இட்லியா, ஊசி நேரத்தை மாற்றுவதா என்பதை டாக்டரிடம் அன்றே கேட்டு முடிவு செய்ய முடிந்தது.

வகுப்பறையில் 'புரிஞ்சுதா?' என்பது பதிலை எதிர்பார்த்துக் கேட்பதல்ல. ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போக எடுத்துக்கொள்ளும் அனுமதி. 'புரிஞ்சுது சார்' என்று வகுப்பே சேர்ந்து சொல்லும்போது எழுந்து நிற்பவன் மக்கு. பன்னிரண்டு வருடம் அதில் ஊறியவள் வார்டிலும் அதையேதான் கேட்பாள். ஆனால் பாட்டி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அவருக்குத் தலையாட்டப் பழக்கியது யார்? ரேஷன் கடையாக இருக்கலாம், தாலுகா ஆபீசாக இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தைச் சரியாகக் கேட்ட இரண்டாவது மாணவியும் அதே பாடத்திட்டத்தில் படித்து வந்தவள்தான். அப்பா நெய்வேலியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் வீட்டில் யார் எப்போது சாப்பிடுவார் என்பதுதான் அன்றாடக் கணக்கு. அப்படியானால் பள்ளியைக் குறை சொல்வது எந்த அளவுக்கு நியாயம்?

1990இல் உளவியலாளர்கள் சாலவேயும் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தபோது, பிறர் உணர்வை அறிவதோடு விடவில்லை. அறிந்ததை வைத்துத் தன் யோசனையையும் செயலையும் நடத்துவதையும் சேர்த்தார்கள். முதல் பாதிக்கு மதிப்பெண் போடுவது சுலபம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வில், மாணவர்கள் ஒவ்வொரு நிலையமாகப் போய்ச் செய்து காட்டவேண்டும்; நிலையத்துக்குச் சில நிமிடம், மதிப்பெண் போடுபவர் கையில் செக்லிஸ்ட். பரிவுக்கு ஒரு மதிப்பெண் என்றால், 'உங்க கஷ்டம் எனக்குப் புரியுது' என்று பிசகில்லாமல் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். முதல் மாணவி அதில் கெட்டி.

உருப்படியான வழி, நோயாளியையே செய்து காட்டச் சொல்வது. ஊசியைக் கையில் கொடுத்து, "வீட்டுல எப்படிப் போடுவீங்க, காட்டுங்க" என்றால் கோடு தெரியாத கண் தெரியவரும். "பாட்டிலை எங்க வைப்பீங்க?" என்றால் "மீன் ஐஸ் பெட்டியில" என்று வரும், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஒரு தடவைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லக் கூடாது. இதெல்லாம் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்கும். அந்தக் கட்டிலுக்காக அடுத்த நோயாளி வராண்டாவில் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவது? முதல் மாணவியின் வேகத்தில்தான் வார்டு ஓடுகிறது என்பதும் உண்மை.

அவள் பிறகு ஆசிரியையான என்னிடம் வந்து கேட்டாள்: "மேடம், அந்தக் கேள்வி செக்லிஸ்ட்ல இல்லையே?" கேட்டதில் தப்பில்லை. எட்டாவது வரியாக 'உணவு நேரம்' சேர்த்தாயிற்று. சில நாள் படிவங்களில், எல்லா நோயாளிக்கும் ஒரே கையெழுத்தில் 'காலை 8 மணி' என்று இருக்கிறது.