வாரண்டை முன்கூட்டியே பங்காக்குவதா? ஒரு காரைக்குடிக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் எங்கள் வட்டத்தில் 2024 தொடக்கத்தில், வாரண்டைக் கெடுவுக்கு முன்பே பங்காக மாற்றுவதா என்ற பேச்சுதான். கசாவா சயின்சஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு 10 பங்குக்கு 4 வாரண்டு (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைச்சீட்டு) வீதம் சும்மா கொடுத்திருந்தது. ஒரு வாரண்டுக்கு 33 டாலர் கட்டினால் ஒன்றரைப் பங்கு. கெடு நவம்பர் 15. அந்த அரைப் பங்கு போனஸ். கெடுவுக்கு முன்பே நின்றுபோகக்கூடியது. "அரை போவதற்குள் மாற்றிவிடுவோம்" என்றது ஒரு கட்சி.

முதலில் பார்க்க வேண்டியது வாரண்டின் சந்தை விலையை. பங்கு 24 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைப் பங்கு 36, கட்டுவது 33, மிச்சம் 3. அதே வாரண்டு சந்தையில் 4.20க்குப் போனால், மாற்றுகிறவர் 1.20 டாலரைத் தெருவில் போடுகிறார். பங்குதான் வேண்டும் என்றால்கூட வாரண்டை விற்றுவிட்டுச் சந்தையில் வாங்குவதே லாபம். பங்கு 22க்குக் கீழே இருந்தால் கணக்கே தேவையில்லை. போதாததற்கு, 33 டாலரை முன்கூட்டிக் கட்டினால் அதற்கு நடப்பு வட்டியும் நட்டம். வட்டிக்கடைப் பெட்டியடிக் கணக்கு தெரிந்தவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மருந்துக் கம்பெனியில் பணம் கட்டாமல் பொறுத்திருப்பதற்கு மதிப்பு அதிகம். ஒரு சோதனை முடிவில் எல்லாம் கவிழும். அதே நவம்பர் கடைசியில் சிமுஃபிலம் மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றதும், கசாவா பங்கு ஒரே நாளில் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் நவம்பர் 15 கெடு வரைகூட வாரண்டோடு காத்திருக்கக் கம்பெனி விடவில்லை. ஏப்ரல் நடுவில் அறிவிப்பு வந்தது: மாற்றாமல் மிஞ்சும் வாரண்டை மே 7 அன்று 0.001 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று. ஒப்பந்தத்தில் இருந்த விதிதான். வாதம் செய்த பலர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அறிவிப்பு வந்தபின் இரண்டே வழி: விற்பது, மாற்றுவது. சும்மா இருந்தால் பூஜ்யம்.

இனி இப்படி ஒரு வாரண்டு வந்து, மாற்ற முடிவு செய்தால் பணம்தான் முதல் வேலை. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், பான், வெளிநாட்டுப் பங்கு முதலீட்டுக்கான எஸ்0001 நோக்கக் குறியீடு. டாலர் தரகர் கணக்கில் ஏற இரண்டு மூன்று வேலை நாள் ஒதுக்குங்கள். வெள்ளி மாலை கிளைக்குப் போய்ப் பயனில்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடிய வரம்பு 2,50,000 டாலர். 2025 ஏப்ரல் முதல் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் கையில் அந்தப் பணமும் இருக்க வேண்டும்.

அடுத்தது தரகருக்கு உத்தரவு. செயலியில் பொத்தான் இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வாரண்டு, ரொக்கம் கட்டி மாற்றுவது, கட்டணம் எவ்வளவு. பெரும்பாலும் கோளாறு வருவது தேதியில்தான். கம்பெனி சொல்வது நியூயார்க் மாலை 5 மணி. மே மாதத்தில் நமக்கு அது மறுநாள் அதிகாலை 2.30. தரகரின் கெடுவோ அதற்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். உத்தரவு கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. பங்கு கணக்கில் ஏறும்வரை விற்கவும் முடியாது. அந்த இடைவெளியில் விலை இறங்கினால் அது உங்கள் தலையில்.

இன்னொன்று: வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் எஃப்ஏ அட்டவணைக்குக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மாற்றிய பங்கின் வயது அது கைக்கு வந்த நாளிலிருந்துதான், நீண்டகால லாப வரிக்கு 24 மாதம் என்று எண்ணும்போது வாரண்டு வந்த தேதியைப் போடாதீர்கள்.