படகு இன்ஜின் பயிற்சியைத் தடைக்காலத்தில் நடத்துங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் திறன் பயிற்சிக்கு நிதி வந்தால், டேட்டா என்ட்ரி, டெய்லரிங் என்றே ஒதுக்கிவிடாதீர்கள். கடற்கரைக்கு வேண்டியது டீசல் இன்ஜின் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள்.

நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையேறி மராமத்து பார்க்கும் நேரமே அதுதான். வாரம் 6 நாள், தினம் 6 மணி நேரம் நடத்தினாலே 300 மணி நேரம் தாண்டிவிடும். பழக நிஜ இன்ஜின் கண்ணெதிரே இருக்கிறது. அதை விட்டுவிட்டு புரொஜெக்டரில் படம் காட்டி என்ன பயன்?

இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் கடல்நீர் பம்ப்பைக் குறிப்பாக ஊன்றிச் சொல்லிக்கொடுங்கள். பம்ப்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ் முறிந்தால் தண்ணீர் வரத்து குறையும், இன்ஜின் கொதிக்கும். புதிது மாட்டினால் மட்டும் போதாது. முறிந்த துண்டு கூலர் குழாயில் அடைத்துக் கிடக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் மறுபடி சூடேறும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் ஜிங்க் (துத்தநாக) கட்டை பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ட் பட்டால் கட்டை வேலை செய்யாது, உப்பு நீர் புரொப்பல்லரையும் அதைச் சுழற்றும் தண்டையும் அரிக்கும்.

பட்ஜெட்டில் அன்றாடக் கூலி இழப்புக்கு உதவித்தொகை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பாதியிலேயே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆளுக்கொரு ஸ்பேனர் செட், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் சேருங்கள். இன்னொன்று: வலை இழுத்துத் தேய்ந்த விரலில் கைரேகை பதியாது. வருகைப்பதிவுக்கு முகப்பதிவு வசதியும் வையுங்கள்.