மான் மேயும் நிலத்துக்கு ஒரு புல் மறைப்பு

மிச்சிகனில் ஜாக்சன் பக்கம் எங்களுக்கு 11 ஏக்கர் இருக்கிறது. பாதி ஓக் மரக்காடு, மீதி பழைய வயல். அதில் அரை ஏக்கரை மானுக்கென்றே ஒதுக்கி குளோவரும் டர்னிப்பும் விதைத்திருந்தேன். இங்கே இதை ஃபுட் பிளாட் என்பார்கள். எங்கள் ஊர் இருக்கும் கீழ்த் தீபகற்பத்தில் தீனியைக் கொண்டுபோய்க் கொட்டி மான் வேட்டையாட 2019 முதல் தடை. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் எளிதாகப் பரவும். விதைத்து வளர்க்கும் பயிருக்கு அந்தத் தடை இல்லை.

பயிர் நன்றாக வந்தது. மானும் வந்தது, ராத்திரியில் மட்டும். மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்த படங்கள் எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல். வேட்டையோ சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். இரண்டு இலையுதிர் காலம் பரணில் உட்கார்ந்து வெறும் நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். விதை சரியில்லையோ என்று மாற்றினேன், மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டேன். பலன் இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர் ஐம்பது வருடம் விவசாயம் செய்தவர். அவர் என்னை ரோட்டுக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்து, இங்கிருந்து பார் என்றார். நிலம் முழுவதும் உள்ளங்கை மாதிரி தெரிந்தது. போகிற வண்டி ஒவ்வொன்றும் மானைப் பார்க்க அந்த இடத்தில் வேகம் குறைக்கும். பகலில் எந்த மான் அங்கே வந்து நிற்கும்?

சரி, உயரமாக எதையாவது நட்டு மறைத்துவிடலாம் என்று 2021 வசந்தத்தில் இறங்கினேன். வேகமாக வளர்வது எகிப்தியன் வீட் என்றார்கள். பெயரில்தான் கோதுமை. முளைத்து ஒரு முழம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது சோளம். தாராபுரம் பக்கம் எங்கள் தாத்தா காட்டில் நின்ற அதே சோளத்தட்டு. பன்னிரண்டு அடி வரை போகும் வகை, கதிரும் பிடிக்கும்.

அந்த வருடம் மூன்று தப்பு செய்தேன். ரோட்டோரமாக 300 அடி நீளம், 20 அடி அகலம் உழுது வைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் அது ஏக்கரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை; ஒன்றரை பவுண்டு விதையே போதும். நான் 5 பவுண்டு பையை முழுசாகத் தூவினேன். இரண்டாவது, தழைச்சத்து போடவில்லை. நெருக்கமாக முளைத்த பயிர் வெளிச்சத்துக்கு முண்டியடித்து, பென்சில் கனத்தில் தண்டு விட்டு, மஞ்சளாக வளர்ந்தது. எட்டு அடி வந்ததும் எனக்குப் பெருமைதான். அக்டோபர் முதல் வாரம் மழையோடு ஒரு காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் மொத்தமும் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடக்கிறது. வேட்டைக் காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மூன்றாவது தப்புதான் பெரியது. வருடா வருடம் விதைக்க வேண்டாமே என்று ஸ்விட்ச்கிராஸ் விதையையும் அதே பாத்தியில் கலந்து போட்டிருந்தேன். அது அமெரிக்கப் புல்வெளியின் சொந்தப் புல், ஒரு முறை பிடித்துவிட்டால் பல வருடம் நிற்கும். ஆனால் அதன் விதை குளிரில் ஊறி எழுந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். மே கடைசியில் போட்டால் பாதி தூங்கிவிடும், முளைத்ததையும் சோளத்தின் நிழல் கொன்றுவிடும். என் நிலத்தில் அப்படியே நடந்தது.

அடுத்த முறை அவசரப்படவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே, மறைப்புக்கென்று ஒதுக்கிய புது நிலப்பட்டையில் கிளைபோசேட் அடித்துப் பழைய புல்லைக் கொன்றேன். 2022 மார்ச்சில், ராத்திரி உறைந்து பகலில் இளகும் நாட்களில், கேவ்-இன்-ராக் என்ற ஸ்விட்ச்கிராஸ் வகையை மண்மேல் தூவினேன். உழவில்லை, மூடவில்லை. மண் உறைந்து இளகும்போது வெடிப்புகளில் விதை தானாக இறங்கிக்கொள்ளும். சோளத்தைத் தனியாக, ரோட்டை ஒட்டி வடக்குப் பக்கம் விதைத்தேன். இந்த ஊரில் வெயில் தெற்கிலிருந்து விழும் என்பதால் சோளத்தின் நிழல் ரோட்டில்தான் விழும். மண் வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய பிறகு, ஒன்றரை பவுண்டு மட்டும். ஓரடி வந்ததும் 25 பவுண்டு யூரியா. தண்டு கட்டைவிரல் கனத்துக்கு வந்தது. நவம்பர் கடைசியில் ஈரப் பனி கொட்டும் வரை நின்றது.

சோளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இளம்பயிரிலும், உறைபனி விழுந்த பிறகும் அதில் சயனைடு நச்சு ஊறும். சோளப்பயிரை மேய்ந்து மாடு செத்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக்காரர் மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதால், விதைப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொண்டேன். வேலியிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் விதைக்கிறேன்.

ஸ்விட்ச்கிராஸ் முதல் வருடம் பார்க்கவே மனம் ஒடியும். ஜூலையில் அந்தப் பட்டை முழுக்கக் களை. குனிந்து தேடினால் ஒல்லியாக ஓர் இழை. இலை தண்டோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், முக்கோணமாக வெள்ளை மயிர் தெரிந்தால் அது நம் புல். நான் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டுத் தேடினேன். ஒரு சதுர அடிக்கு ஒன்றிரண்டு இருந்தது, அதுவே போதும். உழுதுவிட்டு மறுபடி விதைக்கச் சொன்னார்கள், நல்லவேளை நான் கேட்கவில்லை. அட்ரசின் என்ற களைக்கொல்லி அடிக்கலாம், ஆனால் அதற்கு உரிமம் வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் களையைப் பத்து அங்குல உயரத்தில் இரண்டு முறை வெட்டிவிட்டேன். புல் அதற்குக் கீழே பத்திரமாக இருந்தது. இரண்டாம் வருடம் மூன்றரை அடி. 2024 ஆகஸ்டில் என் தோளுக்கு வந்தது. அந்த வருடப் பனியிலும் பெரும்பகுதி நிமிர்ந்து நின்றது.

வீட்டிலிருந்து பரணுக்கு நடக்கும் வழிக்கு மட்டும் மிஸ்காந்தஸ். கரும்புக்கு உறவுக்காரப் புல். கரணை ஊன்றுவது போலத்தான் வேலை: 60 கிழங்குத் துண்டு, இரண்டு வரிசை, மூன்றடி இடைவெளி, நான்கு அங்குல ஆழம். விதை கட்டாத ஜைகான்டியஸ் கலப்பினத்தையே கேட்டு வாங்குங்கள். விதை கட்டும் வகை பக்கத்துக் காட்டையும் பிடித்துவிடும்.

2024 அக்டோபரில் ஒரு புதன்கிழமை, மணி ஐந்தே கால். பரணில் இருந்தேன். ஒரு பெண் மானும் இரண்டு குட்டிகளும் வெளியே வந்து குளோவரில் தலையைக் குனிந்தன. ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி போயிற்று. பெரிய மான் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. தலையைத் தூக்கவில்லை. நான் வில்லைத் தொடவில்லை, இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேற்கு மூலையில் இன்னும் நாற்பது அடி திறந்து கிடக்கிறது. அதற்கான விதை கராஜில் இருக்கிறது, மார்ச்சில் பனி இளகட்டும் என்று காத்திருக்கிறேன்.