கயிறு எங்கே கட்டுவது?

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் கையில் காசு நிற்காது. சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற ஜூனியர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல், கமிஷன் வேலை. எல்லைத் தகராறு வழக்கில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை ஆணையராகப் போடுவார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 26, விதி 9. அந்த எண்ணை நான் மனப்பாடம் செய்தது படிப்புக்காக அல்ல, பேட்டாவுக்காக.

மதுரைக்குத் தெற்கே ஒரு முன்சீப் கோர்ட்டில்தான் ஆரம்பித்தேன். முதல் கமிஷன் வாரண்ட், அதாவது இடத்தைப் பார்த்து வரச்சொல்லும் கோர்ட் உத்தரவு, கைக்கு வந்ததும் சீனியர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, "பாத்ததை எழுது, நினைச்சதை எழுதாத." இரண்டு, "ரெண்டு வீட்டுலயும் பச்சத்தண்ணி குடிக்காத." இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. சித்திரை வெயில். வாதி வீட்டுத் திண்ணையில் மோர்ச் சொம்பு, பிரதிவாதி வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ். இரண்டையும் பார்த்தபடி நாக்கு வறண்டு நின்றோம், நானும் தாலுகா ஆபீஸ் சர்வேயரும். அவர் அனுபவசாலி, பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். எனக்கும் அதில்தான் தந்தார்.

வாதி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பணிக்கொடைப் பணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் அடி அகலத்தில் ஒரு சந்து, நீளம் 40 அடி. மொத்தம் 40 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழக்குக்கு அது ஆறாவது வருஷம்.

டிரைவர் பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி 24, தென்வடல் ஜாதியடி 40' என்று இருந்தது, அதாவது கிழக்கு மேற்கில் 24 அடி, தெற்கு வடக்கில் 40 அடி. சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை பிடித்தால் டேப்பில் 23. அந்த ஓர் அடி சந்து தன்னுடையது என்பது அவர் கட்சி. பாட்டி மேலே கையைக் காட்டினார். அவர் வீட்டு ஓட்டு இறவாரம் சந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. "இறவாரத் தண்ணி விழுற எடம் யாருது தம்பி? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து விழுது."

பாட்டியின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் நான்கு எல்லையில் கிழக்கே 'பொதுச்சந்து' என்று போட்டிருக்கிறது. டிரைவர் பத்திரத்தில் மேற்கே சந்து என்ற பேச்சே இல்லை, நேரே பக்கத்து வீடுதான். பரப்புக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் செல்லும் என்று படித்திருந்தேன். எல்லையே இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சர்வேயரிடம் புலப்படம், அதாவது சர்வே நம்பர்வாரியான அளவைப் படம், கேட்டேன். அவர் சிரித்தார். "இது நத்தம் சார், ஊர்க் குடியிருப்பு நிலம். பழைய படத்துல ஊரு மொத்தமும் ஒரே நம்பர். வீடு வீடாப் பிரிச்சு அளந்தது பின்னாடி வந்த நத்தம் சர்வேயிலதான். அன்னிக்கு சுவர் எங்க நின்னுச்சோ அதைத்தான் எழுதியிருப்பாங்க."

ஆகவே பார்த்ததை எழுதினேன். கிழக்குச் சுவர் மண் சாந்து, பழையது, பாசி படிந்தது. மேற்குச் சுவரில் பாதி உயரம் வரை புதிய சிமெண்ட் பூச்சு. சந்தில் ஒரு அம்மிக்கல், உடைந்த ஓடுகள், ஒரு பப்பாளிக் கன்று. இறவார நீட்டம் இத்தனை அங்குலம். யாருக்குச் சொந்தம் என்பது என் வேலை இல்லை, அது நீதிபதி பார்த்துக்கொள்வார்.

புறப்படும்போது டிரைவர் கூடவே நடந்து வந்தார். "எல்லாம் பாத்துத்தான் தம்பி வாங்கினேன். மூலப்பத்திரம் பாத்தேன், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டேன், வக்கீல்கிட்ட ஒப்பீனியன் வாங்கினேன்."

"அளந்தீங்களா?"

"வீடுதான் நிக்குதே, அதுல எதை அளக்குறது?"

அறிக்கையில் வர முடியாத பதில் அது. ஆனால் அதற்குப் பிறகு நான் போன கமிஷன்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில்தான் போய் நின்றன. மனிதர்கள் காகிதத்தைப் பத்துத் தடவை படிக்கிறார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். பதிவான பரிவர்த்தனைகள்தான் அதில் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை அடி தள்ளிச் சுவர் எழுப்பியது எந்த ரிஜிஸ்டர் ஆபீஸிலும் பதிவாவதில்லை. பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம், அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லிவிட்டன. போதாக்குறைக்கு நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யூடிஆர் திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்கள் இன்றைக்கும் கட்டுக்கட்டாகத் திருத்தத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

புதிய மனைப்பிரிவுகளில் கதை வேறு. அந்தச் சர்வேயர் ஒரு டீக்கடையில், டம்ளரால் பெஞ்சில் கோடு இழுத்து விளக்கினார். மனை போடுகிறவர் ரோட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கல் நடுகிறார். முதல் மனையில் இரண்டு அங்குலம் தாராளம், அடுத்ததிலும் அப்படியே. அப்புறம் ஒருவர் வீடு கட்டும்போது கல் சாய்கிறது, லாரி ஏறிப் புதைகிறது, கொத்தனார் கண் மட்டத்தில் திரும்ப நடுகிறார். கடைசி மனைக்காரர் வீடு கட்ட வரும்போது 30 அடிக்கு 28 அடிதான் மிச்சம். தப்பு முதல் மனையில், சண்டை கடைசி மனையில். "நடுவுல இருக்கறவன் எல்லாம் யோக்கியனா நின்னு வேடிக்கை பாப்பான்" என்றார். இன்னொன்றும் சொன்னார். இப்போது புலப்படத்தை இணையத்தில் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக்கொண்டு வந்து வாதாடுகிறார்களாம். 1:2000 அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். கோட்டின் தடிப்பிலேயே ஒரு வாசல்படி காணாமல் போகும்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், பல வருஷம் கழித்து ஒரு வீடு வாங்கினேன். மூலப்பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் போட்டேன், ஒப்பீனியனை எனக்கு நானே எழுதிக்கொண்டேன். அளக்கவில்லை. வீடுதான் நிற்கிறதே.

குடிபோன மூன்றாம் வருஷம் மேற்குப் பக்கத்துக் காலி மனையின் சொந்தக்காரர் திருப்பூரிலிருந்து வந்தார். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு கட்டப் போகிறார். கொத்தனார் டேப் பிடித்தார், திரும்பப் பிடித்தார், பிறகு தயங்கித் தயங்கி என் காலிங் பெல்லை அடித்தார். ஊரில் எல்லோருக்கும் நான் வக்கீல் என்று தெரியும், அதனால்தான் அந்தத் தயக்கம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய சர்வேயர் அண்ணனைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்றுவிட்டார், ஆனாலும் வந்தார். முன்பக்கக் கல் சரியாக இருந்தது. அங்கிருந்து 50 அடி நீளத்துக்குச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே சாய்ந்துபோய், பின்மூலையில் 14 அங்குலம் திருப்பூர்க்காரர் மனைக்குள் நின்றது. முக்கோணமாக 29 சதுர அடி. அண்ணன் டேப்பைச் சுருட்டியபடி, "வக்கீல் சார், நீங்களுமா?" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சுவர் எனக்கு விற்றவர் கட்டியது. கட்டிப் பதினைந்து வருஷமாகியிருந்தது. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 65ஆம் ஷரத்து தலைக்குள் ஓடியது. பன்னிரண்டு வருஷம் எதிரிடை அனுபவம். விற்றவர் காலத்தையும் என் காலத்தையும் சேர்த்துக் காட்டலாம். திருப்பூர்க்காரர் இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை. கட்சிக்காரர்களுக்காக இந்த வாதத்தை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், சில தடவை ஜெயித்தும் இருக்கிறேன்.

மனைவியிடம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்போ அவர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள்.

அந்த வாதத்தின் அடிப்படையே எதிராளியின் உரிமையை ஒப்புக்கொள்வதுதான். முதலில் இடம் உன்னுடையது என்று சொல்ல வேண்டும். அப்புறம், ஆனாலும் உனக்கு விரோதமாக நான் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மனுவில் அது பத்தி பிரித்து, 'மேற்படி', 'மேலும்' போட்டு மரியாதையாக வந்துவிடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள்தான். வரவில்லை. இதை நான் நல்லவன் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. 14 அங்குலம் நாலடியாக இருந்திருந்தால், அதன்மேல் என் படுக்கையறை நின்றிருந்தால், வாய் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டிரைவருக்கும் பாட்டிக்கும் அந்தச் சந்தில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தபின் அங்கே கிடந்தது 40 சதுர அடி மட்டுமாக இருக்காது.

திருப்பூர்க்காரரே ஒரு யோசனை சொன்னார். "அந்த இடத்துக்கு ஒரு தொகை போட்டு எழுதிக்கங்க சார், செவுரு எதுக்கு வீணா?" 29 சதுர அடிக்கு உட்பிரிவு, அளவை, கிரயப்பத்திரம், பட்டா மாறுதல். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது அடுத்து வாங்குகிறவருக்கு நான் வைத்துவிட்டுப் போகும் வழக்கு. அலைச்சலைக் கணக்குப் பார்த்தால் சுவரை இடிப்பது லாபம். பின்பாதியை இடித்தோம். செலவில் பாதி தருகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் செங்கல் மட்டும் அவர் கணக்கு என்று முடிந்தது.

கொத்தனார் கயிற்றோடு வந்து, "எங்க கட்டணும் சார்?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் சர்வேயர் அண்ணனைப் பார்த்தோம். அவர் பின்கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். அன்று எல்லோருக்கும் மோர் என் வீட்டில்தான். தயக்கமில்லாமல் குடித்தார்கள்.

நாளைக்கே யாராவது வழக்குப் போட்டு ஒரு ஜூனியர் பையன் வாரண்டோடு வந்தால் எழுதிக்கொள்ளட்டும்: மேற்குச் சுவர், பின்பாதி புதியது, பூச்சு இல்லை, பாசி இன்னும் பிடிக்கவில்லை.